சேர்ந்திசையில் அனைவருக்கும் இடம்

பலர் கூடி ஒரே பாடலை ஒரே நேரத்தில் பாடுவது நம் நாட்டில் புதியதன்று. கோயில்களில் பஜனையாகவும், குருத்துவாராக்களில் கீர்த்தனமாகவும், தேவாலயங்களில் துதிப்பாடலாகவும், வயல்களில் நடவுப் பாட்டாகவும் அது நெடுங்காலமாக வழங்கி வருகிறது. விடுதலைப் போராட்டக் காலத்தில் விடியற்காலை ஊர்வலங்களில் பாடப்பெற்ற தேசப்பற்றுப் பாடல்கள், எழுத்தறியாத மக்களையும் இயக்கத்தில் ஈடுபடுத்தின. நாடு விடுதலை பெற்ற பின்னர், பள்ளிகளின் காலை வணக்கக் கூட்டமும் குடியரசு நாள், விடுதலை நாள் விழாக்களும் கூட்டுப் பாடலைக் கோடிக்கணக்கான மாணவர்களின் அன்றாட அனுபவமாக்கின. 1970களின் தொடக்கத்தில் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். 1980களில் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு, பல மொழிப் பாடல்களைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கற்பித்து, அவர்கள் வழியாக மாணவர்களிடம் கொண்டு சேர்க்கும் முயற்சியில் ஈடுபட்டது. தேசிய ஒருமைப்பாட்டை வளர்க்கும் கருவிகளுள் ஒன்றாகச் சேர்ந்திசை கருதப்பட்டதே இதற்குக் காரணமாகும்.

ஒருமைப்பாட்டின் கருவி என்று நாம் கருதும் ஒன்றில் சேராமல் வெளியே நிற்பவர் எவர் என்று கேட்பது இயல்பு. இருவகையினர் உடனடியாக நினைவுக்கு வருகின்றனர். ஒருவகையினர் செவித்திறன் அற்றோரும் குறைந்தோரும். மற்றொரு வகையினர் திருநங்கையர், திருநம்பியர், மற்றும் ஆண், பெண் என்னும் இரண்டில் எதிலும் தம்மை அடக்கிக்கொள்ளாதோர். முன்னவர்கள் பாட்டைக் கேட்க இயலாதவர் என்று விலக்கப்படுகின்றனர். பின்னவர்கள் ஆண்கள் வரிசையிலும் பெண்கள் வரிசையிலும் இடமின்றி விலகுகின்றனர். இவ்விருவகைத் தடைகளும் வேறு வேறு தன்மையுடையன. எனினும், குழு அமைக்கப்படும் முறையை மாற்றினால் இரண்டுமே பெரும்பாலும் நீங்கிவிடும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணிக்கையும் சட்டமும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2.68 கோடிப் பேர். அவர்களுள் கேட்டலில் குறையுடையோர் சுமார் 50.7 லட்சம், பேச்சில் குறையுடையோர் சுமார் 20 லட்சம். அதே கணக்கெடுப்பில்தான் ஆண், பெண் அல்லாத பிறர் என்ற பதிவு முதன்முறையாக வெளியிடப்பட்டது. அவ்வாறு பதியப்பட்டோர் 4.88 லட்சம் பேர். தம்மை வெளிப்படையாகப் பதிந்துகொள்ளத் தயங்கியோர் இதில் சேரார். இவர்களிடையே எழுத்தறிவு சுமார் 56 சதவீதம்; நாட்டின் மொத்த எழுத்தறிவோ அந்த ஆண்டில் சுமார் 73 சதவீதம். இந்த இடைவெளியின் பொருள், இவர்களுள் பலர் பள்ளியை இடையிலேயே விட்டு விலகுகின்றனர் என்பதாகும். பள்ளியில் தமக்கு இடமில்லை என்பதை ஒரு குழந்தை நாள்தோறும் உணரும் இடங்களுள் ஆண் வரிசை, பெண் வரிசை எனப் பிரிந்து நிற்கும் காலை வணக்கக் கூட்டமும் ஒன்றாகும்.

சட்டம் இப்பொருளில் வாளாவிருக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்று உறுதி செய்தது. அதன் 30ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்வில் பங்குபெறும் உரிமையையும், சைகை மொழிகளும் செவித்திறன் அற்றோரின் பண்பாடும் மதிக்கப்படும் உரிமையையும் கூறுகிறது. இதனை ஒட்டி நிறைவேற்றப்பட்ட 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தன் 29ஆம் பிரிவில், கலைகளை மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கனவாக ஆக்குவதையும், கலை, பண்பாட்டுப் பாடத்திட்டங்களை அவர்களும் பங்குபெறும் வகையில் திருத்தியமைப்பதையும் அரசின் கடமையாக்கியது.

பால் அடையாளம் குறித்து, 2014 ஏப்ரல் 15 அன்று தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மூன்றாம் பாலினத்தாரைச் சட்டத்தின் முன் அங்கீகரித்தது. 2019இல் நிறைவேற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் இவர்களுக்குப் பாகுபாடின்றி வாய்ப்பளிக்க வேண்டும் என்றும், பண்பாட்டு நிகழ்ச்சிகளில் பங்குபெறும் இவர்களது உரிமையை அரசு பேண வேண்டும் என்றும் விதித்தது. ஆகவே, சேர்ந்திசைக் குழுவில் இவர்களைச் சேர்ப்பது ஒருவரது நல்லெண்ணத்தைப் பொறுத்த செயலன்று. பொது நிறுவனங்களின் கடமையாகும்.

செவித்திறன் அற்றோரும் இசையும்

செவி கேளாதவருக்கு இசையில் என்ன பயன் என்று பலர் வினவுவர். இவ்வினா இரண்டு தவறான எண்ணங்களிலிருந்து எழுகிறது.

செவித்திறன் அற்றோர் அனைவரும் முழு மௌனத்தில் வாழ்கின்றனர் என்பது முதலாவது எண்ணம். உண்மையில், கேட்கும் திறன் பல படிகளில் அமைகிறது. பலருக்குத் தாழ்ந்த ஒலிகள் ஓரளவு கேட்கும்; உயர்ந்த ஒலிகள் மட்டும் கேளா. செவிக்கருவி அணிவோர் உள்ளனர். உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்தப் பெற்ற குழந்தைகளும் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். இக்கருவி தாளத்தைத் தெளிவாக உணர்த்தும். ஆனால், சுருதி வேறுபாடுகளை அவ்வளவு தெளிவாக உணர்த்துவதில்லை. எனவே, இக்குழந்தைகளுக்குத் தாளம் மிக்க பாடல்கள் எளிதில் வசப்படும். நுண்ணிய கமகங்கள் கடினமாக இருக்கும்.

இசை செவியால் மட்டுமே அறியப்படுவது என்பது இரண்டாவது எண்ணம். ஒலி என்பது அதிர்வு. தோல் அதிர்வை உணரும். விநாடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளில் இவ்வுணர்வு மிகக் கூர்மையாகவும், 1000 அதிர்வுகளுக்கு மேல் ஏறத்தாழ இல்லாமலும் இருக்கும். மிருதங்கம், டோலக், தவில் போன்ற கருவிகளின் அதிர்வை மரத்தரையில் வெறுங்காலுடன் நிற்பவர் காலால் உணரலாம். ஒலிபெருக்கிப் பெட்டியில் கை வைத்தும் உணரலாம். ஸ்காட்லாந்து நாட்டுத் தாளக் கலைஞர் எவலின் கிளெனி, சிறு வயதிலேயே செவித்திறனை இழந்தவர். வெறுங்காலுடன் நின்று வாசித்து உலகப் புகழ் பெற்றார்.

இதிலிருந்து நடைமுறையில் சில முடிவுகள் கிடைக்கின்றன. பயிற்சிக் கூடம் எதிரொலி மிக்க கூடமாக இருத்தல் கூடாது. எதிரொலி செவிக்கருவி அணிந்தோரைக் குழப்பும். சிமெண்டுத் தரையைவிட மரப்பலகை மேடை நன்று. தாளக் கருவியை மேடையின் ஓரத்தில் ஒதுக்காமல், செவித்திறன் அற்றோர் நிற்கும் இடத்திற்கு அருகில் வைத்தல் வேண்டும். இசை நடத்துபவர் தம் கையசைவும் முகமும் உதடுகளும் அனைவருக்கும் தெரியுமாறு வெளிச்சத்தை எதிர்நோக்கி நிற்க வேண்டும். சன்னலுக்கு முன்னால் நின்றால் அவர் முகம் நிழலாகத் தோன்றும்.

கைகளால் பாடுதல்

செவித்திறன் அற்றோர் பலருக்கு முதன்மையான மொழி சைகை மொழியாகும். இந்திய சைகை மொழி, இந்தியையோ தமிழையோ கையசைவில் பெயர்த்து வைத்த ஒன்றன்று. அதற்கெனத் தனி இலக்கணம் உண்டு. வினாச் சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வரும். புருவத்தின் அசைவும் முகக்குறிப்பும் இலக்கணத்தின் உறுப்புகளாகும். இம்மொழியின் ஆய்வுக்கும் பயிற்சிக்குமென மத்திய அரசு 2015இல் புது தில்லியில் ஒரு தனி மையத்தை நிறுவியது. அம்மையம் 2018இல் 3,000 சொற்களுடன் வெளியிட்ட அகராதி, 2021இல் 10,000 சொற்களாக விரிந்தது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, இம்மொழியை நாடெங்கும் தரப்படுத்த வேண்டும் எனக் கூறியது.

ஒரு பாடலைச் சைகை மொழியில் பெயர்ப்பது எளிய வேலையன்று. 1972இல் அமெரிக்க ஆய்வாளர்கள் உர்சுலா பெல்லூகி, சூசன் ஃபிஷர் ஆகியோர், ஒரு சைகைக்கு ஆகும் நேரம் ஒரு சொல்லுக்கு ஆகும் நேரத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என்றும், ஆயினும் ஒரு கருத்தை முழுமையாகச் சொல்ல இரு மொழிகளுக்கும் ஏறத்தாழ ஒரே நேரம்தான் ஆகிறது என்றும் கண்டனர். இதன் பொருள் தெளிவு. சொல்லுக்குச் சொல் கையசைத்தால் பாடகர்கள் முன்னே செல்ல, கைகள் பின்தங்கிவிடும். வரிக்கு வரி பொருளைப் பெயர்த்தால் இரண்டும் சேர்ந்தே செல்லும். எனவே, பெயர்ப்பவர் பாடலின் கருத்தை உள்வாங்கி, தாளத்தின் அடி விழும் இடத்தில் முக்கியமான சைகை அமையுமாறு கோக்க வேண்டும். இதனைச் செய்யத் தகுதி வாய்ந்தவர், சைகை மொழியைத் தாய்மொழிபோல் கையாளும் செவித்திறன் அற்றவரே ஆவார்.

உலகில் இதற்கு நல்ல முன்மாதிரி வெனிசுவேலா நாட்டில் உள்ளது. அங்கு 1990களில் பார்க்கிசிமெட்டோ நகரில் 'வெள்ளைக் கைகள்' சேர்ந்திசைக் குழு தோன்றியது. வாயால் பாடுவோரும், வெள்ளைக் கையுறை அணிந்து கைகளால் பாடுவோரும் ஒரே மேடையில் ஒரே குழுவாக நிற்கின்றனர். கைகளால் பாடுவோர் அங்கு மேடையின் ஓரத்து மொழிபெயர்ப்பாளர்கள் அல்லர், குழுவின் உறுப்பினர்கள். நம் நாட்டில், தேசிய கீதத்தைச் சைகை மொழியில் காட்டும் படம் 2017இல் வெளியிடப்பட்டது. செங்கோட்டைப் பின்னணியில் எடுக்கப்பட்ட அப்படத்தை கோவிந்த் நிஹலானி இயக்கினார். நடிகர் அமிதாப் பச்சன் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுடன் அதில் தோன்றினார்.

இத்துறையில் ஓர் எச்சரிக்கை தேவை. கேட்கும் திறனுடைய மாணவர்கள் சில சைகைகளை மனப்பாடம் செய்து ஆண்டுவிழாவில் அழகாக அசைத்துக் காட்டுவது இப்போது பல இடங்களில் வழக்கமாகி வருகிறது. பார்வையாளர் கைதட்டுவர், ஆனால், அந்த மண்டபத்தில் செவித்திறன் அற்றவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். அது நடனமேயன்றி உள்ளடக்கம் ஆகாது. சைகை, அதனை மொழியாகக் கொண்டோருக்குப் புரிகிறதா என்பதே சோதனை.

தேசிய கீதம் தரும் பாடம்

சேர்ந்து பாடுதலில் பங்குபெற இயலாமை எத்தகைய விளைவைத் தரும் என்பதை அண்மைக் கால நிகழ்வு ஒன்று விளக்கும். 2016 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், திரையரங்குகளில் காட்சிக்கு முன் தேசிய கீதம் இசைக்கப்பட வேண்டும், அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என ஆணையிட்டது. எழுந்து நிற்க இயலாதோரும், கீதம் தொடங்கியதை அறிய இயலாதோரும் என்ன செய்வர் என்ற வினா உடனே எழுந்தது. நீதிமன்றம் சில நாட்களிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்களித்தது. 2017 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. செவித்திறன் அற்றோர் அறியும் வண்ணம், கீதம் இசைக்கப்படுவது திரையில் தெளிவாகக் காட்டப்பட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2018 ஜனவரி 9 அன்று நீதிமன்றம், திரையரங்குகளில் கீதம் இசைப்பதே கட்டாயமில்லை எனத் தன் ஆணையைத் திருத்தியது.

52 விநாடிகளே நீடிக்கும் ஒரு கீதத்தில்கூட, தொடக்கத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்தாவிட்டால் ஒரு குடிமகன் மரியாதை அறியாதவர் என்று அயலாரால் கருதப்படும் நிலை நேரலாம். அவர் செய்த பிழை எதுவும் இல்லை. ஏற்பாட்டில் உள்ள குறை அவர்மீது சுமத்தப்படுகிறது. பள்ளிக் கூட்டத்திலும் அரசு விழாவிலும் கொடியோ விளக்கோ கையோ உயர்த்தித் தொடக்கத்தையும் முடிவையும் காட்டுவதற்குச் செலவு ஏதும் இல்லை.

குரலும் பாலும்

இனி, இரண்டாம் வகையினரின் நிலையைக் காண்போம். ஆண்களின் குரல் தாழ்ந்தும் பெண்களின் குரல் உயர்ந்தும் இருப்பதற்குக் குரல் நாண்களின் நீளமும் தடிப்பும் காரணம். பருவமடையும்போது ஆண் இயக்குநீர் அவற்றைத் தடிக்கச் செய்கிறது. ஒரு முறை தடித்த நாண் மீண்டும் மெலிவதில்லை. எனவே, பருவமடைந்த பின் பெண் இயக்குநீர் எடுத்துக்கொள்ளும் திருநங்கையின் குரல் அதனால் மட்டும் உயர்ந்துவிடாது. பயிற்சியால் பேச்சை மாற்றிக்கொள்ளலாம். மறுபுறம், ஆண் இயக்குநீர் எடுத்துக்கொள்ளும் திருநம்பியின் குரல் சில மாதங்களில் உடைந்து தாழும். அக்காலத்தில் அவர் நேற்றுப் பாடிய சுரத்தை இன்று எட்ட இயலாமற் போகலாம்.

நமது மரபில் ஆண்கள் பொதுவாக ஒரு கட்டை முதல் இரண்டு கட்டைச் சுருதியிலும், பெண்கள் ஐந்து முதல் ஆறு கட்டைச் சுருதியிலும் பாடுவர். இரு சாராரும் ஒரே சுருதியில் சேர்ந்து பாடும்போது ஒரு சாராருக்கு மேல்சுரம் எட்டாமலோ கீழ்சுரம் இறங்காமலோ போவது எல்லாப் பள்ளிகளிலும் காணப்படுவதுதான். இதற்குத் தீர்வாக 'ஆண்கள் குழு', 'பெண்கள் குழு' எனப் பிரிப்பது வழக்கம். மேனாட்டுச் சேர்ந்திசையில் குரல்களை நான்காகப் பிரிப்பர். அங்கும் மேலிரண்டு பெண்களுக்கும் கீழிரண்டு ஆண்களுக்கும் உரியன என்ற எண்ணம் படிந்துள்ளது.

இந்தப் பிரிவு இசையின் தேவைக்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை. தாழ்ந்த குரலுடைய பெண்கள் உண்டு. உயர்ந்த குரலுடைய ஆண்களும் உண்டு. இசை நடத்துபவர் அறிய வேண்டியது, ஒருவர் எந்தச் சுரம் முதல் எந்தச் சுரம் வரை வருத்தமின்றிப் பாடுகிறார் என்பது மட்டுமே. குழுக்களுக்கு 'மேற்குரல்', 'இடைக்குரல்', 'கீழ்க்குரல்' என்று பெயரிட்டு, ஒவ்வொருவரையும் அவரது குரல் எல்லையைக் கேட்டறிந்து சேர்த்தால் சிக்கல் தீர்ந்துவிடும். திருநங்கை ஒருவர் கீழ்க்குரலில் பாடலாம். அதனால் அவர் ஆணாகிவிடமாட்டார். குரல் மாறிவரும் இளைஞருக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபரிசோதனை செய்து இடம் மாற்றித் தரலாம். மாற்றத்தின்போது குரலை வற்புறுத்தாமல் தாளமோ சைகையோ கொடுக்கலாம். சீருடையையும் இவ்வாறே அமைக்கலாம். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என வகுக்காமல், ஒரே நிறத்தில் இருவகை உடைகளை அறிவித்து, விரும்பியதை அணியச் சொன்னால் போதும்.

திருநங்கையருக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு பழமையானது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். வட இந்தியாவில் குழந்தை பிறந்த வீடுகளிலும் திருமண வீடுகளிலும் சென்று வாழ்த்துப் பாடுவது ஹிஜ்ரா சமூகத்தாரின் தொன்றுதொட்ட வழக்கம். வடகர்நாடகத்தில் எல்லம்மன் வழிபாட்டைச் சார்ந்த ஜோகதிகள் சவுடிகெ வாத்தியத்துடன் பாடி வருகின்றனர். அம்மரபில் வந்த மஞ்சம்மா ஜோகதி கர்நாடக ஜனபத அகாதமியின் தலைவராகப் பணியாற்றி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆகவே, பாட்டு அவர்களுக்குப் புதிதன்று. பிறர் வீட்டு மகிழ்ச்சிக்கு வாசலில் நின்று பாடியவர்கள், அனைவருடனும் ஒரே வரிசையில் நின்று பாடும் வாய்ப்பைத்தான் பெறாமலிருந்தனர்.

செலவும் பயனும்

பொருளியல் நோக்கிலும் இதனைக் காணலாம். ஒருவர் உண்ட சோற்றை மற்றொருவர் உண்ண இயலாது. ஆனால், ஒருவர் பாடும் பாட்டை மற்றொருவரும் சேர்ந்து பாடுவதால் முன்னவரின் பங்கு குறைவதில்லை. மேலும் ஒருவரைச் சேர்ப்பதால் பிறருக்கு இழப்பு ஏதும் இல்லாத இடத்தில், அவரை விலக்குவதற்குப் பொருளியல் நியாயம் எதுவும் இல்லை. உள்ளபடியே ஆகும் செலவு, சைகை மொழிபெயர்ப்பாளருக்குரிய மதிப்பூதியம் மட்டுமே. தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் நாட்டின் தேவைக்கு மிகக் குறைவாக உள்ளனர் என்பதே உண்மையான தட்டுப்பாடு. ஆயினும், ஒரு பாடலை ஒரு முறை நன்கு பெயர்த்துப் படம்பிடித்துவிட்டால் ஆயிரம் பள்ளிகள் அதனைப் பயன்படுத்தலாம். முதற்செலவு ஒரு முறை, பயனோ பன்முறை. இத்தகைய பணியை ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே செய்வதைவிட மத்திய, மாநில நிறுவனங்கள் மேற்கொள்வதே சிக்கனமாகும்.

பயன் பாட்டோடு நிற்பதில்லை. செவித்திறன் அற்று பிறக்கும் குழந்தைகளுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோரின் பெற்றோர் கேட்கும் திறனுடையவர்களே. அவ்வீடுகளில் சைகை மொழி தெரிந்தவர் எவரும் இருப்பதில்லை. சேர்ந்திசைப் பயிற்சியில் வகுப்புத் தோழர்களும் ஆசிரியர்களும் உடன்பிறந்தோரும் கற்கும் சைகைகள், அக்குழந்தையுடன் உரையாடுவதற்கான முதற்படியாக அமையும்.

செய்யத்தக்கவை

1. கலை நிகழ்ச்சிகளுக்கான அழைப்பிலேயே, பங்குபெற விரும்புவோருக்குத் தேவைப்படும் வசதி யாது என்று கேட்டறிதல் வேண்டும்.

2. தேசிய கீதமும் பள்ளிகளில் வழங்கும் பொதுப் பாடல்களும், செவித்திறன் அற்ற வல்லுநர்களின் பொறுப்பில் இந்திய சைகை மொழியில் பெயர்க்கப்பட்டு இலவசமாக வழங்கப்படலாம்.

3. பாடல் வரிகள் திரையிலோ அச்சிட்ட தாளிலோ அனைவருக்கும் கிடைக்க வேண்டும். இது செவித்திறன் குறைந்த முதியோருக்கும் பயன்படும்.

4. இசை ஆசிரியர் பயிற்சியில் குரல் எல்லையை அறியும் முறையும், பால் குறிக்காத குழுப் பெயர்களும், அடிப்படைச் சைகைகளும் இடம்பெற வேண்டும்.

5. போட்டி விதிகளில் 'ஆண்கள் பிரிவு', 'பெண்கள் பிரிவு', 'வாயால் பாடுதல் கட்டாயம்' என்பன போன்ற நிபந்தனைகள் இருப்பின் அவை மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும். கைகளால் பாடுவோரும் பாடகராகக் கணக்கிடப்பட வேண்டும்.

6. ஒருவரை அவர் விரும்பும் பெயராலும் முறையாலும் அழைத்தல், குழுவின் பொது ஒழுங்காகக் கொள்ளப்பட வேண்டும்.

7. முடிவெடுக்கும் குழுக்களில் இவ்விருவகையினரின் பிரதிநிதிகள் தொடக்கத்திலிருந்தே இடம்பெற வேண்டும். ஏற்பாடெல்லாம் முடிந்தபின் கருத்துக் கேட்பது பயன் தராது.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டமோ தனி நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. ஒரு தலைமையாசிரியரோ, ஒரு மாவட்டக் கல்வி அலுவலரோ, ஓர் அலுவலகத்தின் விழாக் குழுச் செயலரோ அடுத்த விழாவிலேயே தொடங்கிவிடலாம். இசை தெரிந்தவரைத் தேர்ந்தெடுத்து மேடையேற்றுவது கச்சேரியின் வேலை. கூடியிருக்கும் அனைவரையும் பாடவைப்பதே சேர்ந்திசையின் வேலை. அந்த வேலை நிறைவேறியதா என்பதை, பாடியவர்களின் குரல் இனிமையைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது. அன்று மண்டபத்தில் பாடாமல் நின்றவர் எத்தனை பேர், ஏன் நின்றனர் என்பதையும் கேட்டே அளத்தல் வேண்டும்.